முதுகில் நீர் எடுக்க வேண்டும் என்கிறார்கள், சம்மதிக்கலாமா?

வியாசர்பாடியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய தங்கை கணவருக்கு 36 வயது, அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. மூன்று வாரமாக விட்டுவிட்டுக் காய்ச்சல், கூடவே தலைவலி. முதலில் சைனஸ் என்றார்கள். பிறகு டைபாய்டு என்று ஐந்து நாள் ஊசி போட்டார்கள். இப்போது வாந்தி, பேச்சில் குழறல், பகலெல்லாம் தூக்கம். சேர்த்திருக்கும் ஆஸ்பத்திரியில், "மூளைக்காய்ச்சல் போலிருக்கிறது, டிபியாகவும் இருக்கலாம், முதுகில் நீர் எடுத்துப் பார்க்க வேண்டும்" என்கிறார்கள். மாப்பிள்ளையின் அம்மாவோ, முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும், கையெழுத்துப் போட விடமாட்டேன் என்று நிற்கிறார். வீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஒட்டிக்கொள்ளுமா என்பது இன்னொரு கவலை.

சம்மதியுங்கள். நாளைக்கு நல்ல நேரம் பார்த்து அல்ல, இன்றைக்கே. மற்றதையெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து நிதானமாகப் படிக்கலாம்.

உங்கள் மாப்பிள்ளையை நான் பார்க்கவில்லை. அவருக்கு இன்ன நோய் என்று சொல்வது அங்கே பக்கத்தில் நிற்பவர்கள் வேலை. ஆனால் வாரக்கணக்கில் காய்ச்சல், தலைவலி, அதற்குமேல் வாந்தி, அதற்கும்மேல் மந்தம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வரும் இந்த வரிசை, இந்த ஊரில் பொது மருத்துவ வார்டில் வேலை பார்த்த எவருக்கும் பழகியது. முதலில் நினைக்க வேண்டியது டிபி மூளைக்காய்ச்சல். அது இல்லை, வேறு ஏதோ என்றாலும் அதையும் அந்த நீர்தான் சொல்லப் போகிறது.

அந்த அம்மாவின் பயத்தை முதலில் பார்ப்போம். அது மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனம் வராது. பெற்ற பிள்ளை வாய் குழறிக் கிடக்கும்போது முதுகில் ஊசி என்றால் யாருக்கும் வயிறு கலங்கும்.

மூளையையும் தண்டுவடத்தையும் மூன்று சவ்வுகள் மூடியிருக்கின்றன. உள்ளே இருக்கும் இரண்டு சவ்வுகளுக்கு நடுவே தெளிந்த நீர் ஓடிக்கொண்டிருக்கிறது. பெரியவர்களுக்கு மொத்தமே ஏறக்குறைய 150 மில்லிதான். ஆனால் உடம்பு ஒரு நாளைக்கு 500 மில்லி அளவுக்குப் புதிதாகச் சுரக்கிறது, பழையது ரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது. கணக்குப் போட்டால் மணிக்கு 20 மில்லி. பரிசோதனைக்கு எடுப்பது ஆறு முதல் பத்து மில்லி. நீங்கள் கேன்டீனில் டீ குடித்து, ஊருக்கு ஒரு போன் பேசிவிட்டு மேலே வருவதற்குள் அது மறுபடி ஊறியிருக்கும். "மூளைத் தண்ணியை உறிஞ்சிவிடுவார்கள்" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

கால் விஷயத்துக்கு வருவோம். தண்டுவடம் இடுப்பின் அடி வரைக்கும் ஓடுவதில்லை. பெரியவர்களுக்கு அது இடுப்புப் பகுதியின் முதல் அல்லது இரண்டாம் முள்ளெலும்பு அளவிலேயே முடிந்துவிடும். ஊசி போவது அதற்குக் கீழே, மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில், அல்லது நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில். அங்கே தண்டுவடமே கிடையாது. நீருக்குள் தொங்கும் நரம்பு இழைகள் மட்டும்தான், ஊசி வந்தால் பெரும்பாலும் அவை விலகிக்கொள்ளும். ஒன்று உரசினால் காலில் சுரீர் என்று ஒரு வலி ஓடும், ஊசியைக் கொஞ்சம் திருப்பினால் நின்றுவிடும். சிசேரியனுக்கு முன்னால் போடும் மரப்பு ஊசியும் இதே இடத்தில்தான் போடுகிறார்கள். அந்த அம்மா குடியிருக்கும் தெருவிலேயே சிசேரியனில் பிள்ளை பெற்ற பெண்கள் எத்தனை பேர் குடம் தூக்கி நடக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். இந்த ஒரு கேள்விக்கு இறங்கி வந்த மாமியார்களை நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு இந்தப் பேச்சு ஊரில் எப்படி வந்தது? காரணம் இருக்கிறது. டிபி மூளைக்காய்ச்சல் முற்றினால் மூளையின் அடிப்பகுதியில் பசை மாதிரிக் கெட்டியான கசிவு படிகிறது. அது அந்தப் பக்கமாகப் போகும் ரத்தக்குழாய்களை அடைத்தால் பக்கவாதம் வரும். கீழே இறங்கித் தண்டுவட நரம்பு வேர்களைச் சுற்றிக்கொண்டால் கால்கள் பலமிழக்கும். சிறுநீர் போகாமல் அடைக்கும். ஒருவரை ஒரு மாதம் வைத்திருந்து கடைசியில் கொண்டுவருகிறார்கள், அன்றைக்கு முதுகில் ஊசி போடுகிறார்கள், நான்காம் நாள் கால் வரவில்லை. வீட்டார் கண்ணால் பார்த்தது ஊசியை மட்டும்தான். பழி அதன்மேல் விழுகிறது.

நிஜமாக வரக்கூடிய தொந்தரவு தலைவலி. எழுந்து உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும், சில நாளில் போய்விடும். மெல்லிய ஊசி, முனை மழுங்கிய வகை ஊசி என்றால் இதுவும் குறைவு. ஊசி போட்டபின் மணிக்கணக்கில் அசையாமல் மல்லாந்து படுத்தால் தலைவலி வராது என்று வார்டில் சொல்வார்கள். அதற்கு ஆதாரமில்லை, ஆனாலும் சொல்லிக்கொண்டேதான் இருப்பார்கள். ஊசி போட்ட இடத்தில் இரண்டு நாள் வலி இருக்கும். ரத்தக்கசிவும் கிருமி உள்ளே போவதும் மிக அரிது.

போடக்கூடாத நேரங்களும் உண்டு. மூளைக்குள் பெரிய கட்டி, சீழ்க்கட்டி இருந்து அழுத்தம் ஒரு பக்கமாகத் தள்ளும்போது, ரத்தத் தட்டணுக்கள் மிகவும் குறைந்திருக்கும்போது, ரத்தம் உறையாமைக்கு மருந்து சாப்பிடும்போது, ஊசி போடும் இடத்திலேயே தோலில் புண் இருக்கும்போது போடமாட்டார்கள். உங்கள் மாப்பிள்ளை மந்தமாக இருப்பதால் முதலில் சிடி ஸ்கேன் எடுப்பார்கள். அது சரிதான். ஆனால் ஸ்கேன் வரிசை நீளமாக இருக்கிறது என்று முதல் டோஸ் மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. ரத்தத்தை கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்க, எடுத்துக்கொண்டு மருந்தை ஆரம்பித்துவிடலாம், நீரைப் பிறகு எடுத்தாலும் அது பேசும்.

இந்த முறை ஒன்றும் புதிதல்ல. ஜெர்மனியில் ஹைன்ரிக் க்விங்கே என்பவர் 1891-லேயே செய்து எழுதியிருக்கிறார். மூளையில் நீர் அழுத்தம் ஏறிய குழந்தைகளுக்கு அதை இறக்கிவிடலாம் என்ற எண்ணத்தோடு செய்தார். இன்றைக்கும் சில நோய்களில் நீர் எடுப்பதே வைத்தியம். எச்ஐவி உள்ளவர்களுக்கு வரும் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை மூளைக்காய்ச்சலில் அழுத்தம் ஏறிப் பார்வையே போகும், தினமும் நீரை இறக்கித்தான் காப்பாற்ற வேண்டியிருக்கும்.

இனி, ஏன் டிபி என்று சந்தேகிக்கிறார்கள் என்பது.

மூளைச் சவ்வில் வரும் தொற்றைப் பார்க்கும்போது ஸ்கேனுக்கு முன்னால் நான் கேட்பது ஒரே கேள்வி: எத்தனை நாளாக? பாக்டீரியா சீழ்க்காய்ச்சல் என்றால் காலையில் ஆபீஸ் போனவர் மறுநாள் நினைவில்லாமல் கிடப்பார், மணிக்கணக்கு. வைரஸ் என்றால் பெரும்பாலும் நாள்கணக்கு. டிபி வாரக்கணக்கு. அது மெதுவாக வருவதால்தான் ஆபத்து. முதல் இரண்டு வாரம் சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல், சாப்பாடு இறங்காது, எரிச்சல், தலைவலி. மாத்திரை போட்டால் கொஞ்சம் அடங்கும். கழுத்து விறைப்பு இன்னும் வந்திருக்காது. இந்தக் கட்டத்தில் மருத்துவரைப் பார்த்தால் சைனஸ், டைபாய்டு, டென்ஷன் என்று ஏதாவது ஒரு பெயர் கிடைத்துவிடும். விடால் என்ற டைபாய்டு ரத்தச் சோதனையில் ஏதோ ஒரு எண் கூடுதலாக வந்தால் போதும், டைபாய்டு என்று ஐந்து ஊசி. விடாலை நம்பி டைபாய்டு என்று முடிவுகட்டுவது நம் ஊர் வியாதிகளில் ஒன்று என்பது என் கட்சி. அதில் போடும் ஆன்டிபயாடிக் டிபியை ஒன்றும் செய்யாது, வாரத்தை மட்டும் தின்னும்.

அடுத்த கட்டத்தில் வாந்தி வரும், ஒரு பொருள் இரண்டாகத் தெரியும், வாய் கோணும், குணம் மாறும், பேச்சு குழறும். மூன்றாவது கட்டத்தில் நினைவு தப்பும். எந்தக் கட்டத்தில் மருந்து உள்ளே போகிறது என்பதுதான் பிழைப்பதையும், பிழைத்தபின் எப்படி இருப்பார் என்பதையும் பெருமளவு தீர்மானிக்கிறது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அவர் இரண்டாம் கட்டத்தில் இருக்கிறார். அதனால்தான் "இன்றைக்கே" என்றேன்.

"நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறதே, இருமலே இல்லையே, பிறகு எப்படி டிபி?" என்று கேட்பீர்கள். கிருமி மூச்சு வழியாகத்தான் வந்திருக்கும். ஆனால் நுரையீரலில் தங்கி வளர்ந்தாக வேண்டும் என்பதில்லை. எப்போதோ ரத்தம் வழியாக மூளைக்குப் போய், கடுகளவு முடிச்சாக வருடக்கணக்கில் சும்மா இருந்திருக்கும். உடம்பு தளர்ந்தபோது அது உடைந்து நீருக்குள் கொட்டுகிறது. சர்க்கரை, எச்ஐவி, குடி, ஸ்டீராய்டு மாத்திரை, சரியான சாப்பாடில்லாத உடம்பு, இவையெல்லாம் வழிவிடும். ஒன்றுமே இல்லாமலும் வரும். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்பதை வைத்து டிபி இல்லை என்று சொல்ல முடியாது.

நீர் எப்படிப் பேசும் என்றால்: நல்ல நிலையில் அது குழாய்த் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும், வெள்ளையணுக்கள் ஐந்துக்குள், சர்க்கரை ரத்தத்தில் இருப்பதில் பாதிக்கு மேல். சீழ்க்காய்ச்சலில் நீர் கலங்கிவிடும், அணுக்கள் ஆயிரத்தைத் தாண்டும், சர்க்கரை விழுந்துவிடும். வைரஸில் அணுக்கள் கூடும், சர்க்கரை பெரும்பாலும் அப்படியே இருக்கும். டிபியில் அணுக்கள் சில நூறு, அதிலும் லிம்ஃபோசைட் வகையே அதிகம். புரதம் ஏறும், சர்க்கரை இறங்கும். குழாயை ஆட்டாமல் வைத்திருந்தால் ஒட்டடை மாதிரி ஒரு படலம் கட்டும், பழைய மருத்துவர்கள் அதைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். நீர் எடுக்கும் நேரத்திலேயே விரலில் குத்தி ரத்தச் சர்க்கரையும் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தத்தின் அளவு தெரியாமல் நீரின் அளவை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. பரபரப்பில் விட்டுப்போகும் விஷயம் இது.

பிறகு சிபிநாட். டிபி கிருமியின் மரபணுவையே தேடும் சோதனை, ரிஃபாம்பிசின் என்ற முக்கியமான டிபி மருந்து கேட்குமா கேட்காதா என்பதையும் சேர்த்துச் சொல்லும், இரண்டு மணி நேரத்தில் முடிவு. அதற்கு நீர் கொஞ்சம் தாராளமாக வேண்டும், நாலு சொட்டு அனுப்பினால் கிருமி சிக்காது. இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: சிபிநாட் பாசிட்டிவ் என்றால் டிபிதான். நெகட்டிவ் என்றால் டிபி இல்லை என்று அர்த்தமல்ல. மூளை டிபியில் கிருமி மிகக் குறைவாகவே நீரில் இருக்கும். கல்ச்சருக்கு வாரக்கணக்கில் ஆகும். அதனால் ரிப்போர்ட் நெகட்டிவாக வந்தபின்னும் மருத்துவர் டிபி மருந்தை ஆரம்பித்தால், "இல்லை என்றுதானே வந்திருக்கிறது" என்று சண்டைக்குப் போகாதீர்கள். நாட்கணக்கு, நீரின் நிறம், ஸ்கேன் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து எடுக்கிற முடிவு அது, பெரும்பாலும் சரியான முடிவு.

மருந்து நான்கு. ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால். முதல் இரண்டு மாதம் நான்கும், பிறகு குறைத்து மொத்தம் பன்னிரண்டு மாதம் வரைகூட நீளும், நுரையீரல் டிபிக்கு ஆறு மாதம் என்று கேள்விப்பட்டதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அரசாங்கத்தில் மருந்து இலவசம், தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தாலும் கேட்டு வாங்கலாம். அரசின் நிக்ஷய் என்ற டிபி திட்டத்தில் பதிவு செய்தால் சத்துணவுக்கு மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்தார்கள், 2024 நவம்பரிலிருந்து 1000. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்பட வேண்டாம், ரிஃபாம்பிசின் வேலை அது. கண் மஞ்சளானால், சாப்பாட்டைக் கண்டாலே குமட்டினால், நிறம் மங்கித் தெரிந்தால் அன்றைக்கே போய்க் காட்ட வேண்டும்.

கூடவே ஸ்டீராய்டு கொடுப்பார்கள். வியட்நாமில் 545 பேரை வைத்து நடந்து 2004-ல் வெளிவந்த ஆய்வில், டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு சேர்த்துக் கொடுத்தவர்களில் இறப்பு சுமார் 32 சதவீதம், கொடுக்காதவர்களில் 41. இந்த எண்களை மறுபடி ஒருமுறை படியுங்கள். முறையாக வைத்தியம் பார்த்த இடத்திலேயே மூன்றில் ஒருவர் போயிருக்கிறார். இந்த நோயின் கனம் அது. ஸ்டீராய்டு உடல் ஊனத்தைக் குறைத்ததாக அந்த ஆய்வில் தெரியவில்லை, உயிரைக் காத்தது. ஆறு முதல் எட்டு வாரம் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். நன்றாகிவிட்டார் என்று நீங்களாகத் திடீரென நிறுத்திவிட்டால் ஆபத்து. சர்க்கரை ஏறும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வைத்தியம் நடக்கும்போதே சில சமயம் நிலைமை மோசமாகும். நீர் போகும் பாதை அடைத்துக்கொண்டு மூளைக்குள் தேங்கும், அப்போது தலையிலிருந்து வயிற்றுக்குத் தோலுக்கடியில் ஒரு குழாய் வைக்க வேண்டிவரும். ஷன்ட் என்பார்கள். ரத்தத்தில் சோடியம் இறங்கி மயக்கம் கூடும். இரண்டாம், மூன்றாம் மாதத்தில் ஸ்கேன் எடுத்தால் மூளையில் உள்ள டிபிக் கட்டி முன்னைவிடப் பெரிதாகத் தெரியும். மருந்து வேலை செய்யவில்லை என்று எண்ணத் தோன்றும், ஆனால் பல நேரம் செத்த கிருமிகளுக்கு எதிராக உடம்பு காட்டும் வீக்கம்தான் அது. மருந்தை மாற்றாமல் ஸ்டீராய்டைக் கூட்டிப் பார்ப்பார்கள். இந்தக் கட்டத்தில்தான் நிறையப் பேர் ஆஸ்பத்திரி மாற்றுகிறார்கள், பழைய ஃபைலைக்கூட எடுத்துக்கொள்ளாமல். மாற்றுவது உங்கள் உரிமை. ஃபைலையும் ஸ்கேன் சிடியையும் விடாதீர்கள்.

குழந்தைகளைப் பற்றி. டிபி மூளைக்காய்ச்சல் அவரிடமிருந்து மூளைக்காய்ச்சலாக யாருக்கும் ஒட்டாது. நுரையீரலிலும் டிபி இருந்து இருமினால்தான் மற்றவர்களுக்குக் கிருமி போகும், அதற்குச் சளியைப் பரிசோதிப்பார்கள். தட்டு, டம்ளரைத் தனியாக வைக்க வேண்டியதில்லை. இந்தப் பழக்கத்தை உடைத்ததில் நம் ஊருக்கே ஒரு பங்கு உண்டு. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் சிகிச்சை ஆய்வு மையம், இப்போது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், சென்னையின் ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியம் என்ற டிபி ஆஸ்பத்திரியிலும் இன்னொரு பகுதியினரை அவரவர் வீட்டிலேயேயும் வைத்து வைத்தியம் பார்த்தது. 1959-ல் முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள், வீட்டில் உடன் இருந்தவர்களுக்கு அதனால் கூடுதலாக நோய் வரவில்லை. உலகம் முழுக்க டிபி நோயாளிகளை மாதக்கணக்கில் பூட்டி வைக்காமல் வீட்டுக்கு அனுப்பியதற்கு வழிவகுத்தது ஒற்றை அறையில் ஆறு பேர் படுக்கும் சென்னை வீடுகளில் நடந்த அந்த ஆய்வு.

ஆனால் எதிர்ப்பக்கமாக யோசிக்க வேண்டும். அவருக்கு யாரிடமிருந்து வந்தது? வீட்டில் யாராவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறார்களா, பட்டறையில் பக்கத்து மெஷின்காரர் இருமுகிறாரா? தாத்தாவின் "பழைய ஆஸ்துமா" பல வீடுகளில் டிபியாக இருந்திருக்கிறது. குழந்தைகளை ஒருமுறை கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள். தேவைப்பட்டால் தடுப்பு மருந்து கொடுப்பார்கள். பிறந்ததும் போடும் பிசிஜி ஊசி சின்னக் குழந்தைகளை டிபி மூளைக்காய்ச்சலிலிருந்து ஓரளவு நன்றாகவே காக்கிறது. பெரியவர்களின் நுரையீரல் டிபியை அது தடுப்பதில்லை என்று காட்டியதும் 1968-ல் நமக்குப் பக்கத்துச் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பெரிய ஆய்வுதான். அதனால் "மாப்பிள்ளைக்குச் சின்ன வயதில் போட்ட பிசிஜி தழும்பு இருக்கிறதே" என்பது இப்போது கணக்கில் வராது.

டிபி இல்லையென்றால் வேறு என்ன? மருந்து இருந்தும் கோட்டைவிடக்கூடிய இரண்டை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

ஒன்று உண்ணிக் காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ். தமிழ்நாட்டில் மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் இது நிறையவே வருகிறது. புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சியின் குஞ்சு கடித்து வருவது. காய்ச்சல், தலைவலி, பிறகு குழப்பம். நீரில் பார்த்தால் டிபி மாதிரியோ வைரஸ் மாதிரியோ தெரியும். கடித்த இடத்தில் வலியில்லாத, கறுத்த பொருக்கோடு ஒரு சின்னப் புண் இருக்கும். அது அக்குளிலோ, தொடை இடுக்கிலோ, மார்புக்கு அடியிலோ ஒளிந்திருக்கும். மரியாதைக்காக யாரும் துணியை விலக்கிப் பார்ப்பதில்லை. தங்கச்சியை விட்டு உடம்பு முழுக்க ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். டாக்சிசைக்ளின் என்ற விலை மலிவான மருந்து இதைத் தீர்த்துவிடும். மூளைக்காய்ச்சலுக்கு வழக்கமாக ஏற்றும் செஃப்ட்ரையாக்சோன் இதற்குக் கேட்காது.

இன்னொன்று ஹெர்பிஸ் வைரஸ் மூளையையே தாக்குவது. சவ்வைவிட மூளைத் திசுவில்தான் சேதம், அதுவும் நினைவும் பேச்சும் இருக்கும் பொட்டுப் பகுதியில். காய்ச்சல், கூடவே சம்பந்தமில்லாத பேச்சு, சொந்தப் பிள்ளையை அடையாளம் தெரியாமல் இருப்பது, வாசனை ஏதோ வருகிறது என்பது, ஃபிட்ஸ். இதைக் காத்து கருப்பு என்று தர்காவுக்கும் கோயிலுக்கும் கூட்டிப்போய் மூன்று நாள் கழிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மந்திரிப்பதில் எனக்கு ஆட்சேபனை இல்லை, டிரிப்பை ஏற்றிவிட்டு மந்திரியுங்கள். வைத்தியம் இல்லாவிட்டால் நூற்றுக்கு எழுபது பேர் வரை இறந்த நோய் இது. ஏசைக்ளோவிர் நரம்பு வழியாகச் சீக்கிரம் போனால் அந்தக் கணக்கு பாதிக்கும் கீழே இறங்குகிறது. சந்தேகம் வந்தாலே ஆரம்பித்துவிட்டு, நீரில் வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் ரிப்போர்ட் வந்தபின் நிறுத்துவதா தொடர்வதா என்று முடிவு செய்வார்கள். இள வயதுப் பெண்களுக்கு இதே போலக் குணமாற்றமும் ஃபிட்ஸும் வந்து, கிருமியே இல்லாமல் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் ஒரு நோயும் உண்டு. 2007-க்குப் பிறகுதான் அதைச் சரியாக அடையாளம் கண்டார்கள்.

சீழ்க்காய்ச்சலுக்கு மூன்று வாரம் எடுக்காது, உங்கள் வீட்டுக்கு இப்போது பொருந்தாது. ஒன்று மட்டும்: காதில் சீழ் வடிந்துகொண்டிருக்கும் குழந்தைக்கு எண்ணெய் காய்ச்சி விடுவதை நிறுத்திவிட்டு காது டாக்டரிடம் காட்டுங்கள். காதுக்கும் மூளைக்கும் நடுவில் இருப்பது மெல்லிய எலும்புதான், சீழ்க்கட்டி அந்த வழியாக ஏறும். சீழ்க்காய்ச்சலிலிருந்து பிழைத்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று உடனே சோதிக்க வேண்டும். உட்காதில் எலும்பு வளர்ந்து மூடிவிட்டால் பிறகு காக்ளியர் கருவி வைப்பதும் கடினம். தடுப்பூசியால் இந்த வகை வெகுவாகக் குறைந்திருக்கிறது. சீழ்க்காய்ச்சல் தரும் ஹிப் என்ற கிருமிக்கான ஊசி அடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசியை நாட்டிலேயே முதலில் 2011 டிசம்பரில் தொடங்கியது தமிழ்நாடும் கேரளாவும்தான், நியூமோகாக்கஸ் ஊசி இங்கே 2021-ல் வந்தது.

நெல்வயலில் வளரும் கொசு பரப்பும் ஜப்பான் மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதலில் 1955-ல் வேலூர்ப் பக்கம் கண்டறியப்பட்டது. பன்றியும் கொக்கும் அதற்கு இருப்பிடம். மனிதனிடமிருந்து மனிதனுக்கு வராது. மருந்து இல்லை, ஊசி உண்டு. மூளையில் புழு என்று கேள்விப்படுவது நாடாப்புழுவின் முட்டை வயிற்றுக்குள் போய் மூளையில் கட்டியாவது, பெரும்பாலும் ஃபிட்ஸாக வெளிப்படும். பன்றிக்கறி தொடாத சைவக்காரர்களுக்கும் வரும், ஏனென்றால் முட்டை வருவது கழுவாத கையிலிருந்தும் தண்ணீரிலிருந்தும். முட்டைக்கோஸைக் குற்றம் சொல்வதைவிட சமைப்பவர் கையைப் பாருங்கள். கேரளத்து அமீபா பற்றி எல்லோரும் கேட்கிறார்கள்: பெரும்பாலும் மூக்கு வழியாகத் தண்ணீர் ஏறித்தான் வரும், குடித்தால் இல்லை, அதிகம் பேசப்படும் வகை நாள்கணக்கில் முற்றிவிடும். மூன்று வாரக் கதைக்கு அந்த வகை பொருந்தாது.

இன்றைக்கு ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டியவை: காய்ச்சல் தொடங்கிய தேதி, இதுவரை போட்ட ஊசி மாத்திரைகளின் சீட்டுகள் எல்லாம், சர்க்கரை உண்டா, குடி உண்டா, வீட்டில் யாருக்காவது டிபி இருந்ததா, எங்காவது ஊருக்குப் போனாரா, நாய் கடித்ததா. நாய் விஷயத்தை யாரும் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அதை மட்டும் மருந்தால் மீட்க முடியாது, கடித்த அன்றைக்கே பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவி ஊசி போட்டிருக்க வேண்டும். எச்ஐவி சோதனைக்குக் கேட்டால் கோபப்படாமல் சரி என்று சொல்லுங்கள், டிபி சந்தேகம் வந்தால் எல்லோருக்கும் எடுப்பதுதான் வழக்கம்.

இப்போது இருக்கும் இடத்தில் எம்ஆர்ஐயும் மூளை அறுவை சிகிச்சைப் பிரிவும் இல்லையென்றால் மாற்றுவதைப் பற்றி நேராகக் கேளுங்கள், ஷன்ட் தேவைப்பட்டால் நடு இரவில் அலைய முடியாது. உங்களுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கம், சென்ட்ரலுக்கு எதிரே ஜி.எச். ஜி.எச்சில் இருப்பது மூளை அறுவை மருத்துவர் ராமமூர்த்தி 1950-ல் தொடங்கிய மூளை அறுவை சிகிச்சைப் பிரிவு, பழகிய கைகள். ஆனால் முதல் டோஸ் மருந்தைப் போட்டபின் கிளம்புங்கள், என்ன போட்டார்கள், எத்தனை மணிக்கு என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். எடுத்த நீர் எந்த லேபில் இருக்கிறது என்பதையும்.

வீட்டுக்கு வந்தபின் மாத்திரையைத் தினமும் கண்முன்னால் விழுங்க வைக்க ஒருவர் வேண்டும். அது தங்கச்சியைவிட அந்த அம்மாவாக இருந்தால் நல்லது, அம்மா சொன்னால்தான் மாப்பிள்ளை கேட்பார். ஃபிட்ஸ் ஒருமுறை வந்திருந்தால்கூட நரம்பியல் மருத்துவர் சரி என்று சொல்லும்வரை லேத் பக்கம் போக வேண்டாம், பைக்கும் எடுக்க வேண்டாம். முதலாளியிடம் கொடுக்க டிஸ்சார்ஜ் சம்மரியில் இதைத் தனி வரியாக எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். இஎஸ்ஐ இருந்தால் நீண்ட நாள் நோய் விடுப்புக்குப் பணம் உண்டு, டிபி அந்தப் பட்டியலில் இருக்கிறது.